பல் முறிந்தது சாதாரண காயமா? வழிகாட்டுங்கள்

வழக்கறிஞர் நண்பர்களுக்கு வணக்கம். வாய்த்தகராறில் என் தம்பியை இரும்புக் கம்பியால் தாக்கிவிட்டார்கள். கீழ்வரிசைப் பல் ஒன்று பாதியாக முறிந்திருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் பிளவு வேர்வரை ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் காயச் சான்றிதழில் ‘சாதாரண காயம்’ என்றே எழுதியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 115(2), அதாவது சாதாரண காயத்துக்கான பிரிவு என்று சொல்லி, மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

116-ஆவது பிரிவு எலும்பு முறிவோடு பல் முறிவையும் கொடுங்காயம் என்றே சொல்கிறது. அதுவும் ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 118(2). ஆயுள் தண்டனை வரை போகும். இதை எப்படிச் சில்லறைச் சண்டையாக ஒதுக்கலாம்? மனம் ஆறவில்லை.

சான்றிதழைத் திருத்தி வாங்க யாரை அணுக வேண்டும்? பல் மருத்துவரின் தனிக் கருத்து செல்லுமா? பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுதப்போகிறேன். அப்படி மனு அனுப்பியவர்கள் அதன் மாதிரியைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.