குடல் ஸ்டெம் செல் பிரியும்போது எது தங்கும், எது கிளம்பும்?

மல்லிகைப்பந்தல்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். போன வாரம் கரும்பலகையில் சிறுகுடல் படம் போட்டேன். விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள், அவற்றின் அடியில் லீபர்கூன் குழிகள், குழியின் அடித்தளத்தில் ஸ்டெம் செல்கள். ஒரு ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும், ஒன்று ஸ்டெம் செல்லாகவே தங்கும், மற்றது மேலே ஏறி வேறு செல்லாக மாறும் என்று சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், ரெண்டும் ஒரே செல்லுலேர்ந்துதானே வந்துச்சு? எது தங்கணும்னு யார் சொல்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாளாயிற்று, அவள் தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:
டீச்சர், அந்தப் பெண் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். ஆறு வருடம் சுண்டெலிக் குடலோடு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுண்டெலியின் ஒரு குழியில் ஏறக்குறைய 15 ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஒல்லியாக, ஆப்பு மாதிரி, பனேத் செல்களுக்கு (குழியின் அடியிலேயே இருந்து கிருமிகொல்லிப் பொருள்களைச் சுரப்பவை) நடுவில் சொருகிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு எல்ஜிஆர்5 என்ற அடையாளப் புரதம் இருப்பதை 2007இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில் நிக் பார்க்கர் காட்டினார். இவை ஒவ்வொன்றும் சுமார் ஒரு நாளைக்கு ஒரு முறை பிரிகின்றன. இடமோ அதே 15 பேருக்குத்தான். ஆகவே தினமும் பாதிப் பேர் வெளியே போயாக வேண்டும்.

யார் போவது என்று பிரியும்போதே முடிவாவதில்லை. பனேத் செல்லை ஒட்டி இடம் கிடைத்தால் அதிலிருந்து விண்ட், நாட்ச் என்ற வேதிச் சமிக்ஞைகள் வரும், ஸ்டெம் செல்லாகவே இருக்கலாம். பக்கத்துச் செல் பிரிந்து நெருக்கித் தள்ளினால், மேலே நகர்ந்து சமிக்ஞை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு நாளில் நாலைந்து முறை வேகமாகப் பிரிந்து, உறிஞ்சும் செல்லாகவோ கோழை சுரக்கும் செல்லாகவோ மாறி, குடலுறிஞ்சியின் நுனிக்கு ஏறி உதிரும். இந்தப் பயணம் முழுவதுக்கும் நாலைந்து நாள்தான். பனேத் செல் மட்டும் எதிர்த்திசையில் கீழே இறங்கி வாரக்கணக்கில் இருக்கும்.

அதனால் ஒரு செல்லின் இரண்டு மகள்களும் தங்கலாம், இரண்டும் கிளம்பலாம். ஒன்று தங்கி ஒன்று கிளம்பும் என்பது குழி முழுவதற்கும் போடும் சராசரிக் கணக்கு. 2010இல் அதே ஆய்வகத்தில் ஹியூகோ ஸ்னிப்பெர்ட் இதைக் கண்ணால் காட்டினார். சுண்டெலியின் ஸ்டெம் செல்களுக்கு நாலு நிறம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதலில் ஒரே குழியில் பல நிறம். மாதங்கள் போகப் போக, குழிக்குக் குழி ஒரே நிறம். 15 குடும்பங்களில் ஒன்றுதான் மிஞ்சுகிறது, அதுவும் திறமையால் அல்ல, சும்மா தற்செயலால். அந்தப் படங்களை முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு அழகு.

வகுப்பில் காட்ட ஒரு வழி: புளியங்கொட்டை எட்டு, எட்டு நிறத்தில், வட்டமாக வையுங்கள். இடங்களுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்து, எண் எழுதிய சீட்டு ஒன்றை எடுத்து, வந்த எண்ணுள்ள கொட்டையை நீக்குங்கள். காசு சுண்டி, இடப்பக்கமோ வலப்பக்கமோ உள்ள கொட்டையின் நிறத்தில் இன்னொன்றை அங்கே வையுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஆற்றங்கரை:
அம்மாவுக்கு கீமோ நடந்தபோது வாய்ப்புண், வயிற்றுப்போக்கு. வேகமாகப் பிரியும் செல்களை மருந்து அடிக்கிறது, குடல் பிறகு தேறிவிடும் என்று டாக்டர் சொன்னார். இந்தக் குழிக்குள் நடப்பதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு சந்தேகம், சார். ஜெயிக்கிற அந்த ஒரு குடும்பம் கெட்டுப்போன குடும்பமாக இருந்தால்?

நுண்ணோக்கி:
முக்கியமான கேள்வி, அம்மா. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் பழுதாகும் மரபணுவின் பெயர் ஏபிசி (APC). அது பழுதான ஸ்டெம் செல்லுக்கு இந்த நெருக்கலில் கை ஓங்கும். ஆனால் 2013இல் சுண்டெலியில் எண்ணிப் பார்த்தபோது, அப்படிப்பட்ட செல்களையும் நல்ல செல்கள் பல முறை தள்ளி வெளியேற்றிவிடுவது தெரிந்தது. வெளியே போன செல் சில நாளில் உதிர்ந்துவிடும். ஓயாமல் இடம் மாறுவது நமக்கு ஒரு காவலும்கூட. என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மல்லிகைப்பந்தல்:
சார், இன்று புளியங்கொட்டை விளையாட்டு நடந்தது. கேள்வி கேட்ட பெண்தான் சீட்டு எடுத்தாள். முதல் தடவை 43ஆவது சீட்டில் எல்லாம் மஞ்சள். நம்பாமல் மறுபடி ஆடினார்கள், 71ஆவதில் எல்லாம் நீலம். என் படத்தில் ஒற்றை ஸ்டெம் செல் இருந்த இடத்தை அழித்து, அவளே ஒரு வட்டம் நிறையச் செல் வரைந்தாள். "மிஸ், நடுவுல இருக்குறதுக்குத்தானே தங்குற வாய்ப்பு கூட?" என்று கேட்கிறாள். உண்டா, சார்?

நுண்ணோக்கி:
உண்டு, டீச்சர். உயிருள்ள சுண்டெலியின் குடலை நாள்கணக்கில் படம் பிடித்து 2014இல் கண்டதே அதுதான். குழியின் அடிநடுவில் இருப்பவைக்கு வாய்ப்பு கூடுதல், விளிம்பில் இருப்பவைக்குக் குறைவு. விளிம்பில் இருந்தது சில சமயம் நடுவுக்குத் திரும்புவதும் உண்டு. அவளிடம் சொல்லுங்கள்.