தரைச்சூட்டுக் குழாய்களில் தண்ணீர் நிற்கிறது, சனிக்கிழமை மைனஸ் 11 என்கிறார்கள்

யெஸ்ஹைம் வாசி (புதன், இரவு)

வணக்கம். ஒஸ்லோவுக்கு வடக்கே யெஸ்ஹைமில் வீடு கட்டுகிறேன். வீடு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இப்போதைக்கு இருப்பது ஒரு கொங்கிரீட் தளம், அதன் ஒரு மூலையில் நாற்று நட்டதுபோல நிமிர்ந்து நிற்கும் 12 குழாய் முனைகள், ஒரு நீலத் தறப்பாள். அவ்வளவுதான்.

அடியில் 30 சென்டிமீட்டர் இசொபோர் (சூடு கடத்தாத வெள்ளை நுரைப்பலகை), மேலே கம்பிவலை, வலையில் கட்டிய, வெந்நீர் ஓடித் தரையைச் சூடாக்கப்போகும் 20 மில்லிமீட்டர் பெக்ஸ் (பிளாஸ்டிக்) குழாய், அதன்மேல் 10 சென்டிமீட்டர் கொங்கிரீட். மொத்தம் 6 சுற்றுகள், ஒவ்வொன்றும் சராசரியாக 85 மீட்டர். அக்டோபர் முதல் வாரம் ஊற்றினார்கள். ஊற்றும்போது குழாயை யாராவது மிதித்துக் கிழித்தால் உடனே தெரியவேண்டும் என்று உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி வைத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

மாத இறுதியில் மரச்சுவர்கள் வந்து, நவம்பரில் கூரை ஏறி, உள்ளே ஒரு ஹீட்டர் வைத்துவிடலாம் என்பது கணக்கு. சுவர் செய்கிற இடத்திலிருந்து இப்போது டிசம்பர் நடுப்பகுதி என்று தகவல் வந்திருக்கிறது. குழாய் பதித்தவரை 3 நாட்களாக அழைக்கிறேன். நேற்று ஒருமுறை எடுத்தார். "பெக்ஸ் தானே, வளைந்து கொடுக்கும், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தத் தண்ணீர் இன்றும் அப்படியே உள்ளே நிற்கிறது.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. உப்பைக் கரைத்து ஊற்றினால் உறையாது என்கிறார் மைத்துனர். காருக்கு ஊற்றும் உறையெதிர்ப்பு நீர் அவருடைய கராஜில் 2 கலன் இருக்கிறதாம், அதையும் தருகிறேன் என்கிறார். பக்கத்துக் காணிக்காரர் தளத்தின்மேல் சூடு காக்கும் குளிர்காலப் பாய்களை விரித்தால் போதும் என்கிறார். கொக்குவிலிலிருந்து அப்பா தொலைபேசியில், "நடக்கிற தரைக்குள் எதற்கு மோனே வெந்நீர்க் குழாய்?" என்று கேட்டார். இந்த வாரம் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

பாய் விரித்தால் போதுமா? தண்ணீரை எடுப்பதென்றால் தரைக்குள் படுத்துக்கிடக்கும் குழாயிலிருந்து எப்படி எடுப்பது? அல்லது உறையெதிர்ப்பு நீரே நல்லதா? சனிக்கிழமைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.

குழாய்க்காரன், துரொண்ட்ஹைம் (புதன், பின்னிரவு)

தம்பி, 22 வருடமாக இதுதான் என் தொழில். முதலில் தண்ணீரை வெளியே எடுங்கள். மற்றதை அதன்பிறகு பேசலாம்.

பெக்ஸ் வளைந்து கொடுக்கும் என்பது பாதி உண்மை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். வெளியே தொங்கும் பெக்ஸ் குழாய் அதற்கு விரிந்து கொடுத்து, உருகியதும் பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குழாயைச் சுற்றி இறுகிய கொங்கிரீட் இருக்கிறது. அது எங்கே விரியும்? இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் உறைவது தளத்துக்கு மேலே காற்றில் நிற்கும் அந்த 12 முனைகள். அங்கே கட்டி அடைத்துக்கொண்டால், பிறகு தளத்துக்குள் உறையும் தண்ணீர் பெருக்கும்போது நடுவில் மிஞ்சிய தண்ணீருக்குப் போக வழியில்லை. குழாயை உடைப்பது பெரும்பாலும் அந்த அடைபட்ட தண்ணீரின் அழுத்தம்தான்.

பாய் பற்றி. சூடு உண்டாகும் இடத்தில்தான் பாய்க்கு வேலை. புதுக் கொங்கிரீட் இறுகும்போது தானே சூடாகும், அப்போது பாய் அதைக் காக்கும். உங்கள் தளம் ஊற்றி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, அந்தச் சூடு போய்விட்டது. மண்ணிலிருந்து வரும் சூட்டையாவது நம்பலாமா என்றால், அதற்கும் இடையில் 30 சென்டிமீட்டர் இசொபோரை நீங்களே போட்டிருக்கிறீர்கள். வீட்டுச் சூடு மண்ணுக்குள் போகாமல் தடுக்கத்தான் அது. ஆனால் இப்போது மண்ணின் சூடு குழாய்க்கு வராமலும் அதுவே தடுக்கிறது. பாய் போட்டால் உறைவது இரண்டொரு நாள் தள்ளிப்போகும். டிசம்பர் நடுப்பகுதிவரை தள்ளிப்போகாது.

இனி எடுக்கும் விதம். ஆணித் துப்பாக்கிக்கு வைத்திருக்கும் சின்னக் கம்பிரசர் உதவாது, அதன் தொட்டி இரண்டு மூச்சில் காலியாகிவிடும். வாடகைக் கடையில் கட்டடவேலைக்கு உரிய பெரியதை எடுங்கள். உங்களுக்குத் தேவை காற்றின் அளவு. அழுத்தம் அல்ல. ஒரு நேரத்தில் ஒரு சுற்று மட்டும்: ஒரு முனையில் காற்று, மறுமுனையில் ஒரு ரப்பர்க் குழாய், அதன் வாய் ஒரு வாளிக்குள். முதலில் தண்ணீர் மொத்தமாக வரும், பிறகு துப்பும், பிறகு ஆவிபோல வரும். ஆவி வந்ததும் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு மணிநேரம் விடுங்கள். சுவரில் ஒட்டிய நீர் வழிந்து தாழ்ந்த இடங்களில் சேரும். மறுபடி ஊதுங்கள், இம்முறை எதிர்த்திசையில். மூன்றாவது முறையும் ஊதினால் நான் சிரிக்கமாட்டேன். ஒரு துளி மிச்சமில்லாமல் எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. குழாயின் அடியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீர் உறைந்தாலும் பெருக்க மேலே இடம் இருக்கிறது.

ஊதி முடித்ததும் முனைகளை மூடி, ஒவ்வொரு சுற்றிலும் காற்றழுத்தத்தை 3 பாரில் நிறுத்தி அழுத்தமானியை மாட்டி விடுங்கள். தச்சர் நிலைக்கட்டையை ஆணியால் இறுக்கும்போது குழாயில் குத்தினால் மானி சொல்லும். 3 பாருக்கு மேல் போகவேண்டாம். தண்ணீர் அழுத்தம் ஒரு மூடியைக் கழற்றினால் கால் நனையும், காற்றழுத்தம் கழற்றினால் அந்த மூடி முகத்துக்கு வரும்.

உப்பு பற்றி மைத்துனருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிறகு பித்தளை அரித்துப்போனால் அவரே வந்து மாற்றட்டும். கார் நீரும் வேண்டாம், பெரும்பாலும் அது நச்சான எத்திலீன் கிளைக்கோல்.

வின்டர்தூர் அக்கா (வியாழன்)

நான் இங்கே சுவிஸில் கட்டட வெப்ப அமைப்புகளை வரையும் வேலையில் இருக்கிறேன். அண்ணா சொன்னதுடன் ஒத்துப்போகிறேன். உறையெதிர்ப்பு நீரில் இருக்கும் கிளைக்கோல் பற்றி மட்டும் கொஞ்சம்.

20 மில்லிமீட்டர் குழாயின் உள்விட்டம் 16. மீட்டருக்கு 0.2 லிட்டர் பிடிக்கும். உங்கள் 510 மீட்டருக்கு ஏறக்குறைய 100 லிட்டர். புரோபிலீன் கிளைக்கோல் 40 சதவீதம் கலந்தால் மைனஸ் 20 வரை தாங்கும், அதாவது 40 லிட்டர் வாங்கவேண்டும். குழாயில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் கலவையை நீர்த்துப்போகச் செய்யும், ஆகவே எப்படியும் முதலில் ஊதத்தான் வேண்டும். வசந்தத்தில் அதை எடுத்துவிடுவதென்றால், குறைந்தது 3 தடவை புதுத் தண்ணீர் மாற்றிக் கழுவவேண்டும் என்று ஐரோப்பியத் தரம் இ.என். 1264 சொல்கிறது. அழுக்கு நீரைக் காணியில் ஊற்றிவிட முடியாது. மிச்சம் பிடிப்பதற்காக 10, 15 சதவீதம் கலப்பவர்களும் உண்டு. அது உறைவதையும் தடுக்காது, குழாய்க்குள் கிருமிக்கும் சாப்பாடு.

ஊற்றும் வேலையே குளிரில் நடந்து, குழாய் நிரம்பியே இருக்கவேண்டிய கட்டடத்தில் கிளைக்கோலுக்கு அர்த்தம் உண்டு. உங்கள் நிலையில் காலியாக வைப்பதே மலிவு.

சிவப்புத் தொப்பி, ஸ்டவ்வில் நகர் (வியாழன்)

நான் கனடாவின் ஒன்ராறியோவில். எங்கள் வீட்டில் நாங்கள் நடுவழியைப் பிடித்தோம்: குழாயில் தண்ணீர், உள்ளே மின்ஹீட்டர், எல்லாம் சரியென்று நம்பிக்கை. நத்தார் வாரத்தில் தற்காலிக மின்பெட்டியின் பிரேக்கர் விழுந்தது. 4 நாள் யாரும் போகவில்லை. தண்ணீரைச் சுற்றுகளுக்குப் பிரித்து அனுப்பும் பிரிப்பானில் ஓட்டம் காட்டும் கண்ணாடிக் குமிழ்கள் இரண்டு வெடித்திருந்தன, ஒரு சுற்று கசிந்தது. சூட்டை நம்புவதென்றால் தினமும் போய்ப் பார்க்கிற ஆள் வேண்டும்.

இன்னொன்று. இங்கே எல்லாரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். மண்? சூடில்லாத தளத்தின் ஓரத்தில் மண் உறைந்து வீங்கினால் அத்திவாரமே தூக்கும்.

யெஸ்ஹைம் வாசி (வெள்ளி, இரவு)

கை விறைத்துப்போய் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிரசர் கிடைத்தது. காலை 8 மணிக்குத் தொடங்கினேன். முதல் சுற்றில் 15 லிட்டருக்கு மேல் வந்தது, வாளி வாளியாக எண்ணினேன். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் காற்று போகிறது, மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. குழாய் ஏற்கெனவே உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, குடுவையிலிருந்த தேநீரை முனைமேல் ஊற்றினேன். (சீனி போட்ட தேநீர். இன்னும் ஒட்டுகிறது.) அப்போதுதான் பின்னால் சளசளவென்று சத்தம். ஐந்தாவது சுற்றின் முனை என் பெட்டிமேல் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது. முனைகளில் எழுதியிருந்த எண்கள் மழையில் அழிந்துவிட்டன. 4-இன் போகும் முனை என்று நினைத்தது 5-இன் திரும்பும் முனை. அதன்பிறகு ஒவ்வொன்றாக மெல்ல ஊதி, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, மறுபடி எழுதினேன்.

எல்லாச் சுற்றையும் 3 முறை ஊதினேன். இரண்டாம் முறையிலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோப்பை அளவு வந்தது. அண்ணா சொன்னபடி காத்திராவிட்டால் அது உள்ளேயே இருந்திருக்கும். இப்போது 6 மானிகளும் 3 பாரில்.

ஒன்ராறியோ நண்பரே, இங்கே அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் படுக்கையாகவும் இசொபோர் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது உள்ளே சூடான வீடு இருக்கும் என்று கணக்கிட்டுப் போட்டது. அதனால் பக்கத்துக் காணிக்காரரின் பாய்களை வாங்கி ஓரம் முழுவதும் விரித்துவிட்டேன். ஓரத்தில் விழும் பனியையும் தள்ளப்போவதில்லை. அவருடைய பாய்க்கும் ஒரு வேலை கிடைத்தது.

யெஸ்ஹைம் வாசி (திங்கள், காலை)

அவசரம். ஊதிய அன்று பிளஸ் 4. இன்று தளத்தின் மேற்பரப்பு மைனஸ் 9 காட்டுகிறது. 6 மானிகளும் 2.8-க்கு இறங்கிவிட்டன. ஆறிலும் ஓட்டையா?

வின்டர்தூர் அக்கா (திங்கள்)

ஆறிலும் ஒரே அளவு இறங்கியிருக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது. பாடசாலையில் படித்த வாயு விதிதான். மானியில் 3 பார் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 4. பிளஸ் 4 என்பது 277 கெல்வின், மைனஸ் 9 என்பது 264. 4-ஐ 264-ஆல் பெருக்கி 277-ஆல் வகுத்தால் 3.81. வெளியழுத்தம் ஒன்றைக் கழித்தால் 2.81. ஓட்டை இல்லை, குளிர்தான். ஒரு சுற்று மட்டும் மற்றவற்றைவிடக் கீழே போனால் அன்று பயப்படுங்கள். இனிமேல் மானியைக் குறிக்கும்போது பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

குழாய்க்காரன், துரொண்ட்ஹைம் (திங்கள், மாலை)

அக்கா சொன்ன கணக்கை நான் 22 வருடமாகக் கணக்கில்லாமல், "குளிருக்கு முள் இறங்கும்" என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் நம்பியதில்லை.

தம்பி, சுவர் வந்தபிறகும் அவசரப்பட்டுத் தண்ணீர் நிரப்பவேண்டாம். கூரை, ஜன்னல், கதவு, நிரந்தர மின்சாரம், ஓடுகிற கொதிகலன் எல்லாம் இருக்கும் நாளில்தான் தண்ணீர். அதுவரை முனைகளைக் கறுப்புப் பையால் சுற்றி வையுங்கள். வெயில் பெக்ஸைக் கெடுக்கும், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் அப்படித்தான்.

எண்களை மையால் எழுதாதீர்கள், மறுபடி அழியும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டி வாங்குங்கள். முதல் சுற்றுக்கு ஒரு பட்டி, இரண்டாவதுக்கு இரண்டு, ஆறாவதுக்கு ஆறு. போகும் முனைக்குச் சிவப்பு, திரும்பும் முனைக்கு நீலம். இருட்டில் கையுறையுடன் தடவினாலும் எண்ணலாம்.

யெஸ்ஹைம் வாசி (செவ்வாய்)

42 பட்டி வேண்டும் என்று கணக்குப் பார்த்து வாங்கினேன். மைத்துனர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். உப்புப் பற்றி இன்னும் சொல்லவில்லை.