கேதார்காந்தா பனிமலைக்கு எந்த விளக்கு?

கேள்வி: டிசம்பரில் உத்தராகண்டின் சாங்கிரியிலிருந்து சுமார் 12,500 அடி உயரமுள்ள கேதார்காந்தாவுக்கு ஏறவிருக்கிறோம். விடியுமுன்பே உச்சிக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால், டார்ச் மட்டும் போதுமா, தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்லாம்பும் தேவையா என்று சென்று வந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி 1: இரு கைகளிலும் ஊன்றுகோல் இருக்கும்போது டார்ச்சை எதில் பிடிப்பீர்கள்? ஹெட்லாம்பே வாங்குங்கள். 200 முதல் 300 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தாராளம். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமென்களைக் கண்டு மயங்க வேண்டாம், அந்த வெளிச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே தணிந்துவிடும். சிவப்பு ஒளியும் இருந்தால் நல்லது: இருளுக்குப் பழகிய கண் கூசாது, கூடாரத்தில் பக்கத்தில் உறங்குபவரும் திட்டமாட்டார்.

மறுமொழி 2: லூமெனைவிட பேட்டரியைக் கவனியுங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரியை நம்பிச் சென்ற எனக்கு, குளிரில் பாதி ஏற்றத்திலேயே விளக்கு மங்கியது. பேட்டரியைக் கழற்றி அக்குளில் பத்து நிமிடம் வைத்திருந்த பிறகே மீண்டும் எரிந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் ஏஏ பேட்டரிகள் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ரீசார்ஜ் வகையானால் இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச்செல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் டார்ச்சை விட்டுவிடலாமா?

மறுமொழி 1: குழுவுக்கு ஒன்று இருக்கட்டும், தொலைவில் தடம் தேட அதுதான் உதவும்.