புதுப்பிப்பு: அமெரிக்க மிக்சர், பிரிட்டன் கரண்ட்

ஒஹையோவிலிருந்து குடும்பத்தோடு லீட்ஸுக்கு வந்தபோது கொண்டுவந்த மின்சாமான்கள் இங்கே ஓடுமா என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அங்கே 120 வோல்ட், இங்கே 230. "முதலில் அடியில் இருக்கும் லேபிளைப் பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. லேப்டாப், போன் சார்ஜர்களில் 100-240 என்றே போட்டிருந்தது. பிளக் அடாப்டர் போதும். மாவு பிசையும் மிக்சர் 325 வாட். 750 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரில் (230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் பெட்டி) ஒழுங்காக ஓடுகிறது (டிரான்ஸ்பார்மர்தான் அம்மிக்கல் கனம்). ஹேர் டிரையர் 1875 வாட், அந்த டிரான்ஸ்பார்மர் தாங்காது, அதனால் இங்கேயே புதிது வாங்கிவிட்டோம். குளியலறையில் அதை மாட்ட சாக்கெட்டே கிடையாது, அது வேறு கதை.

எதிர்பாராதது அலாரம் கடிகாரம். அதையும் டிரான்ஸ்பார்மரில் மாட்டி, இரவு 10 மணிக்கு நேரம் சரி செய்து வைத்தோம். காலை 6 மணி அலாரம் அடித்தபோது உண்மையில் 7:36! பிள்ளைகள் பள்ளிக்கு லேட். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை சுழற்சி என்ற கணக்கு) மாற்றாது. 60 ஹெர்ட்ஸை வைத்து நேரம் எண்ணும் கடிகாரம் இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். இப்போது பாட்டரி கடிகாரம்தான்.