வலைப்பையில் வைக்கோல் கட்டிப் பன்னிரண்டு நாள். குதிரை இளைக்கிறது, என்ன தவறு?

உச்சிப்புளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு மட்டக்குதிரைகள் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் அரியமான் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிறேன். மற்ற நாள்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள பனங்காட்டில் திறந்தவெளியில்தான் அவை நிற்கும். லாயம் கிடையாது, ஒரு கீற்றுப் பந்தல் மட்டும் உண்டு. பெட்டை செம்பிக்கு லாடம் அடிக்கவில்லை. ஆண் குதிரை மணிக்கு நான்கு காலிலும் லாடம்.

இதுவரை காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று வைக்கோலைத் தரையில் உதறிப் போட்டு வந்தேன். கச்சான் காற்று தொடங்கியதும் பாதி வைக்கோல் வேலிக் கருவேலத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மீதியை இரண்டு மணி நேரத்தில் தின்று முடித்துவிட்டு, பொழுது முழுக்கச் சும்மா நின்று பனைமரத்தையும் கட்டிய கயிற்றையும் கடிக்கின்றன. போன மாதம் கொடியில் காய்ந்த என் கைலியைக் கூட விடவில்லை.

வெளிநாடுகளில் சிறு கண்ணி வலையில் காய்ந்த புல்லை அடைத்துக் கட்டுவதைக் காணொளியில் பார்த்தேன். குதிரை கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தின்னுமாம். இரண்டு மணி நேரத்துத் தீனி ஆறேழு மணி நேரத்துக்கு வருமாம். கண்ணி ஒன்றரை அங்குலம் என்று சொன்னார்கள். என் மச்சான் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தானே இருக்கிறார் என்று அவரிடம் கேட்டேன். பழைய வலைகளில் தேடி ஒன்றரை அங்குலக் கண்ணியாகவே பார்த்து வெட்டி, இரண்டு பைகள் கட்டிக் கொடுத்தார்.

இப்போது நிலைமை இது. ஒவ்வொரு பையிலும் நான்கு கிலோ அடைக்கிறேன், மறுநாள் காலையில் பாதி அப்படியே இருக்கிறது. செம்பிக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. மணி கோபத்தில் வலையை முன்னங்காலால் அடிக்கிறான். நேற்று லாடத்தின் முனை கண்ணியில் மாட்டிக்கொண்டது. கத்தியால் அறுத்துத்தான் காலை விடுவித்தேன், இன்னும் கை நடுங்குகிறது. செம்பியின் இலத்தியை மிதித்தால் நறநறவென்று மணலாகவும் இருக்கிறது.

வலையே நம் ஊருக்கு ஒத்து வராதா, நான் கட்டிய முறைதான் தவறா?

தங்கச்சிமடம் வண்டிக்காரர் பேரன்:

தம்பி, எங்கள் தாத்தா ராமேசுவரத்தில் யாத்திரைக்காரர்களுக்குக் குதிரைவண்டி ஓட்டியவர். வலையும் கிடையாது, காணொளியும் கிடையாது. ஊறவைத்த கொள்ளைச் சாக்குப்பையில் போட்டு முகத்தில் கட்டுவார், புல்லைக் கையால் போடுவார். குதிரை கொழுகொழுவென்று இருந்தது. காணொளியை நம்பி இறங்குவதும் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதும் ஒன்றுதான். வலையைக் கழற்றி எறியுங்கள்.

பாம்பன் வலைக்காரி:

கழற்றி எறிவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து அளந்து சொல்லுங்கள் தம்பி. ஒரு கண்ணியில் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரைக்கும், ஒரே ஒரு பக்கம், எவ்வளவு?

ஏன் கேட்கிறேன் என்றால், நாங்கள் கண்ணியை அளக்கும் விதம் வேறு. வலையை இழுத்துப் பிடித்து, கண்ணியின் எதிரெதிர் முடிச்சுகள் இரண்டுக்கும் நடுவே உள்ள நீளத்தைத்தான் கண்ணி அளவு என்போம். கடைக்காரரும் அப்படித்தான் விற்பார், உங்கள் மச்சானும் அப்படித்தான் வெட்டியிருப்பார். அவர் மேல் குற்றம் இல்லை. நீங்கள் பார்த்த காணொளிக்காரர் அனேகமாகக் கண்ணியின் ஒரு பக்கத்தைச் சொல்லியிருப்பார்.

உச்சிப்புளிக்காரன்:

அக்கா, அளந்தேன். ஒரு பக்கம் முக்கால் அங்குலம். இரண்டு சென்டிமீட்டர் கூட முழுதாக இல்லை.

பாம்பன் வலைக்காரி:

அப்படியானால் உங்கள் குதிரை பன்னிரண்டு நாளாகப் பூட்டிய பெட்டியின் முன்னால் நின்றிருக்கிறது. அந்தக் கண்ணியில் உதடே நுழையாது, பிறகு எங்கே வைக்கோலை உருவுவது? உங்களுக்கு வேண்டியது எங்கள் கணக்கில் மூன்று அங்குலம். முதல் இரண்டு வாரத்துக்கு நான்கு அங்குலமே கொடுங்கள், பழகிய பிறகு மூன்றுக்கு இறங்கலாம். மச்சானிடம் போய் வெறுமனே ஒன்றரை என்று மறுபடியும் கேட்டுவிடாதீர்கள். ‘இழுத்துப் பிடித்தால் நான்கு அங்குலம்’ என்று சொல்லுங்கள்.

நூல் எது என்பதையும் பாருங்கள். தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலான் நரம்பில் பின்னியது, வேண்டவே வேண்டாம். அந்த நரம்பு மீனின் செவுளையே அறுக்கும், குதிரை உதடு எம்மாத்திரம்? இழுவலையில் வரும் பின்னல் நூல், பென்சில் முனை கனத்துக்குக் குறையாமல், முறுக்கு விடாததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வலையாக இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெயிலில் வெந்த நூல் பொடிப்பொடியாக உதிரும். அது குதிரையின் வயிற்றுக்குள் போகும். ஈயக்குண்டு, தூண்டில் முள், ஒட்டிய சிப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு அலசுங்கள். எங்களுக்கு மீன்வாடை பழகிவிட்டது, உங்கள் செம்பிக்குப் பழகியிருக்காது.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

வலைக்காரி அம்மா சொன்னதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மீதிப் பாதியில் மணல்தான் எனக்குக் கவலை.

வலை ஏன் தேவை என்பதைத் தங்கச்சிமடத்து நண்பருக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். மாடு வேகவேகமாக விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஒரே இரைப்பை, அதுவும் உடலுக்குச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். அந்த இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தை அடக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். மேய்ச்சல் நிலத்தில் விட்டால் நாளில் பதினாறு மணி நேரம் கூட மேய்வது அதனால்தான். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருந்தால் இரைப்பையில் புண் வரும், மரத்தையும் கயிற்றையும் கடிக்கும். உங்கள் தாத்தாவின் குதிரை வண்டியில் பூட்டி நடந்தது, இடையிடையே புல்லும் கிடைத்தது. இவை நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்கின்றன. ஆகவே வலை நல்லதுதான். ஆனால் வாய்க்கு எட்டாத வலை பட்டினிக்குச் சமம்.

கணக்கு: இருநூற்றைம்பது கிலோ மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது நான்கு முதல் ஐந்து கிலோ உலர்தீவனம் வேண்டும். உங்கள் குதிரைகள் இரண்டு கிலோதான் தின்றிருக்கின்றன. புது வலை கட்டும்போது முதல் பத்து நாள் பக்கத்திலேயே கொஞ்சம் தீனியைத் திறந்தும் வையுங்கள். அப்போதுதான் வலையோடு சண்டை போடாது.

வெறும் நெல் வைக்கோலாகப் போடாதீர்கள். மாட்டுக்கே அது வயிற்றை நிரப்பும் தீனி, சத்து மிகக் குறைவு. குதிரைக்கு அது கரடுமுரடான நார். தண்ணீர் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் போகாமல், அருகம்புல்லையோ வேறு காய்ந்த மேய்ச்சல் புல்லையோ கலந்து அடையுங்கள். கோ 4 போன்ற கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே நம்புவதும் தவறு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேர விடாது. மாதக்கணக்கில் போனால் குதிரையின் முக எலும்பு வீங்கிவிடும். குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனம் கொஞ்சம் கிடைத்தால் சேருங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மாட்டுக்காக யூரியா தெளித்து வைத்த வைக்கோலை மட்டும் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள்.

இனி, தரையில் கிடக்கும் தீனியோடு வயிற்றுக்குள் போகும் மணல். தரையில் படாத இலத்தி உருண்டை ஐந்தாறை மேலாக எடுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டிலில் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தேக்கரண்டி அளவு மணல் தங்கினால், உள்ளே அதைவிட அதிகம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்காவிட்டாலும் முழுதாக நிம்மதி அடைய முடியாது. சில நேரம் குடல் மணலை விடாமல் பிடித்து வைத்திருக்கும். மணலை வெளியேற்ற இசப்கோல் விதையின் உமியைக் கொடுப்பது வழக்கம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் குதிரையை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், படுத்துப் புரண்டால், இலத்தி போடாமல் நின்றால், தீனியை உடனே எடுத்துவிட்டு, கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கோ உங்கள் மருத்துவருக்கோ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உச்சிப்புளிக்காரன்:

ஐயா, பாட்டிலில் கரைத்துப் பார்த்தேன். செம்பியினுடையதில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தங்கியது, மணியினுடையதில் கொஞ்சம்தான். நாளை மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு சந்தேகம். வலையைத் தரையில் போட்டால் மணல் வயிற்றுக்குள் போகிறது, மணிக்கு லாடம் வேறு. மரத்தில் உயரமாகக் கட்டினால் இந்தக் கச்சானில் தூசியும் சண்டும் கண்ணில் விழுகின்றன. எங்கேதான் கட்டுவது?

கீழக்கரை:

சலாம் தம்பி. என்னிடம் ஒரே ஒரு குதிரை, அதுவும் ஆசைக்கு வளர்ப்பது. உங்கள் திண்டாட்டத்தை இரண்டு வருடம் நானும் பட்டேன். கடைசியில் கரையில் கிடந்த பழைய வத்தை (சிறு படகு) ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கிக் காற்றுக்கு ஒதுக்குப்புறமாகப் போட்டேன். வலையை அதற்குள் வைத்து, இரண்டு பக்கக் கட்டைகளிலும் இழுத்துக் கட்டிவிட்டேன். குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னும், மணல் சேராது, உதிர்ந்த துணுக்கும் காற்றில் போகாது. ஆசைப்பட்டு வளர்ப்பவனுக்கு ஆசைப்பட்ட தொட்டி.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

அருமையான யோசனை. ஆனால் மர வத்தையாக இருக்கட்டும். உடைந்த பைபர் படகு வேண்டாம். சிலாம்பு உதட்டிலும் நாக்கிலும் ஏறும். மரத்திலும் துரு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு விளிம்பை இழைத்துவிடுங்கள்.

லாடம் அடித்த மணிக்குக் கீழே கிடக்கும் வலை ஆகாது. வத்தையின் விளிம்பு அவன் நெஞ்சுக்கு அருகில் வரும்படி கல் அடுக்கி உயர்த்துங்கள், அல்லது அவனுக்கு மட்டும் மரத்தில் கட்டுங்கள். நிரம்பிய வலையை வைத்து உயரம் பார்க்காதீர்கள். காலியான வலை நீண்டு தொங்கும். அந்த நிலையிலும் அடிமுனை அவன் நெஞ்சுக்குக் கீழே இறங்கக் கூடாது. கண்ணில் தூசி விழாதிருக்க, அடைக்கும் முன்பு வைக்கோலைப் பத்து இருபது நிமிடம் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். நம் வெயிலில் நனைந்த தீனி சீக்கிரம் புளித்துவிடும், அதனால் அரை நாளுக்கு வேண்டியதை மட்டும் நனையுங்கள். பூசணம் பிடித்ததை ஒரு பிடிகூட வைக்காதீர்கள்.

பாம்பன் வலைக்காரி:

ஒன்று விட்டுப்போனது. நைலான் கயிற்றால் வலையை நேராக மரத்தில் கட்டாதீர்கள். மரத்துக்கும் வலைக்கும் நடுவில் மெல்லிய சணல் வளையம் ஒன்று இருக்கட்டும். கால் மாட்டினால் சணல் அறும், கால் தப்பும். எங்கள் வலைகளில் அறக் கூடாதது அறுந்தால் நஷ்டம். உங்களுக்கு நேர் எதிர்.

உச்சிப்புளிக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் வந்து செம்பிக்கு இசப்கோல் கொடுக்கச் சொன்னார். இப்போது பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகைதான் தங்குகிறது. கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னபடி மர வத்தை கிடைத்தது. மச்சானும் நானும் ஒரு முழு நாள் உட்கார்ந்து ஆணி பிடுங்கினோம், ஒரு டப்பா நிறைந்தது. மச்சான் ‘இழுத்துப் பிடித்தால் நான்கு அங்குலம்’ என்பதை என் வாயாலேயே மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் புது வலையை வெட்டினார்.

வைக்கோலோடு அருகம்புல் கலந்து மீன் தூக்கும் கொக்கித் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஐந்து கிலோ போடுகிறேன். காலை ஆறு மணிக்குக் கட்டியது பகல் பன்னிரண்டு வரைக்கும் வருகிறது, மாலையில் கட்டியது நடுநிசி தாண்டுகிறது. செம்பி வலையை ஒட்டி வரவிடாமல் மணியைத் துரத்தினாள். மூன்றாவதாக ஒரு வலையைத் தள்ளிக் கட்டியதும் அந்தச் சண்டை நின்றது. தண்ணீர்தான் எதிர்பாராத செலவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. உலர்தீனி தின்பதால் ஒவ்வொன்றும் நாளுக்கு முப்பது லிட்டர் வரை குடிக்கிறது, ஆகவே குடத்தை விட்டுவிட்டு டிரம் வாங்கினேன்.

மரத்தை இப்போது கடிப்பதில்லை. ஆனால் மணி சணல் வளையத்தின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான். இரண்டு முறை காலையில் வலை தரையில் கிடந்தது. அக்கா, என்ன செய்வது?

பாம்பன் வலைக்காரி:

முடிச்சை மரத்துக்குப் பின்பக்கம் போடுங்கள், பல் எட்டாது. அங்கேயும் எட்டினால் சொல்லுங்கள், அவனை எங்கள் வலைக் கூடத்துக்கு வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம்.