விடிஆர்எல் ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது, குழந்தைக்கு ஆபத்தா?

பெரம்பூர் மலர்:
எனக்கு மூன்றாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் விடிஆர்எல் ரியாக்டிவ், 1:2 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட் கொடுத்த பெண் என் முகத்தையே பார்க்கவில்லை. தேடினால் சிபிலிஸ், அதாவது உடலுறவில் தொற்றும் மேகநோய் என்று வருகிறது. எனக்குப் புண் எதுவும் வந்ததே இல்லை. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. மாமியார் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

லேப் அக்கா:
பயப்படாதே மலர். சென்னையில் அரசு மருத்துவமனை லேபில் இந்த டெஸ்டைப் போட்டே ஓய்வு பெற்றவள் நான். ரத்தத்தில் தெளிந்து நிற்கும் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஸ்லைடில் ஆன்டிஜென் என்ற சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, 4 நிமிடம் சுழற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். திரிந்த பால் போலத் துகள் துகளாகத் தெரிந்தால் ரியாக்டிவ். 1:2 என்றால் சீரத்தை இரண்டு மடங்காக நீர்த்தபோதும் ரியாக்டிவ் காட்டியது என்று அர்த்தம். அந்த ஆன்டிஜெனில் சிபிலிஸ் கிருமியே கிடையாது, கார்டியோலிபின் என்ற கொழுப்புதான். அதனால் கர்ப்பத்தில்கூடச் சில சமயம் பொய்யாக ரியாக்டிவ் காட்டும். பழைய தொற்றாகவும் இருக்கலாம். சிபிலிஸ் கிருமியை வைத்தே செய்யும் டிபிஎச்ஏ டெஸ்ட் எடுத்தால் ரியாக்டிவ் பொய்யா நிஜமா என்று தெரிந்துவிடும்.

புண் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதே. முதல் புண் வலிக்காது, தானாக ஆறிவிடும். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வந்து மறையும். பிறகு வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் இதயம், மூளை வரை போகும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், குழந்தை இறந்தே பிறக்கவும் கூடும்.

அந்தப் பெண் முகம் பார்க்காதது எனக்கு ஆத்திரமாக வருகிறது. 1868-ல் மேகநோய் பரவாமல் தடுக்க என்று ஆங்கிலேயர் போட்ட சட்டம் பாலியல் தொழிலாளிப் பெண்களைத்தான் பதிவு செய்து சோதித்தது, அவர்களிடம் போன சிப்பாய்களை விட்டுவிட்டது. பழியைப் பெண் தலையில் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

கொளத்தூர் சரவணன்:
என் மனைவிக்கும் இப்படித்தான் வந்தது. டிபிஎச்ஏ நெகட்டிவ். நானும் கூடவே டெஸ்ட் எடுத்தேன். வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லுங்கள் சிஸ்டர்.

பெரம்பூர் மலர்:
ஒருவேளை இருந்தால், அக்கா?

லேப் அக்கா:
ஊசிதான். பாதரசத்தைப் பூசிப் பல் உதிர்ந்த காலமெல்லாம் போய்விட்டது. 1943-லிருந்து பென்சிலின் இருக்கிறது. பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் போடுவார்கள். எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. சீக்கிரம் போட்டால் குழந்தையும் பெரும்பாலும் தப்பிவிடும். பென்சிலின் ஒத்துக்காது என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு. உன் வீட்டுக்காரருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப உனக்கே வரும். அரசு மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்தில் கேள், 1097 உதவி எண்ணுக்கும் பேசலாம். அந்த 1:2 உள்ள ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை, அடுத்த டெஸ்டோடு ஒப்பிட டாக்டர் கேட்பார்.