முழங்காலுக்குக் கீழே எலும்பும் சதையும் போய்விட்டன: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கரூர் அக்கா:
என் தம்பிக்கு 26 வயது. லாரி இடித்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. செத்த எலும்பை எடுத்தபின் 6 சென்டிமீட்டர் இடைவெளி. முன்பக்கம் தோலே இல்லை. கட்டுப் பிரிக்கும்போது எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. முதுகிலிருந்து சதை எடுத்து மூடுவோம், பிறகு ரிங் மாட்டி, அதாவது காலைச் சுற்றி உலோக வளையங்கள் வைத்து அவற்றைக் கம்பிகளால் எலும்போடு பிணைத்து, எலும்பை வளர்ப்போம் என்கிறார்கள். பெரியப்பாவோ, "ஒரு வருடம் அவனைப் பாடுபடுத்தாதீர்கள், காலை எடுத்துவிடலாம்" என்கிறார். சதை வைப்பதையும் ரிங் மாட்டுவதையும் ஒரே தடவையில் செய்ய முடியாதா?

லேத் பட்டறை, ஈரோடு:
அக்கா, எனக்கு இடது கால், 5 சென்டிமீட்டர். இன்று எட்டு மணி நேரம் நின்று லேத் ஓட்டுகிறேன். மனம் விட்டுவிடாதீர்கள்.

ரிங்கை முன்கூட்டியே மாட்டுவதுண்டு. ஆனால் சதை பிடித்த பிறகே எலும்பை நகர்த்துவார்கள். மேலே ரத்தம் ஓடும் சதை இல்லாவிட்டால் எலும்பு காய்ந்து சீழ் பிடித்துவிடும். முதுகுச் சதையை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, காலின் ரத்தக்குழாயோடு தைப்பார்கள். முதல் மூன்று நாள்தான் நெஞ்சு பதறும் நேரம். மணிக்கொரு முறை நர்ஸ் வந்து விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார். நிறம் மாறினால் உடனே ஆபரேஷன் தியேட்டர். குளிரக் கூடாதென்று எனக்கு ஃபேன்கூடப் போடவில்லை. தம்பி சிகரெட் பிடிப்பவன் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ரிங் விஷயத்தில் காத்திருப்புதான் பெரிது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நல்ல எலும்பை வெட்டி, ஒரு வாரம் விட்டு, அந்தத் துண்டை நாளுக்கு 1 மில்லிமீட்டர் கீழே இறக்குவார்கள். அது விட்டுவந்த இடத்தில் புது எலும்பு ஊறும். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களில் கண்ட வழி இது. வளையங்களை இணைக்கும் மரைக் கம்பியைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது: மரையின் பிட்ச், அதாவது நட் ஒரு முழுச் சுற்றில் நகரும் தூரம், 1 மில்லிமீட்டர். நட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் கால் மில்லிமீட்டர். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, படுக்கும் முன். பைக்குக்குப் போடும் அதே பத்தாம் நம்பர் ஸ்பேனர். என் அம்மாதான் திருப்பினார். ஒவ்வொரு முறையும் காலண்டரில் ஒரு கோடு போடுவார். ஐம்பது நாளில் துண்டு வந்து சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து இன்னொரு சின்ன அறுவை. கெட்டிப்படும் வரை, மொத்தம் எட்டு மாதம் ரிங்கோடு இருந்தேன்.

சதைக்கு ரத்தம் போகும் பக்கம் கம்பி குத்தக் கூடாது. சதை வைக்கும் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட்டார்களா என்று அவசியம் கேளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட், மதுரை:
எலும்பு நகரும்போது கெண்டைச் சதை இழுபட்டுப் பாதம் கீழே தொங்கிவிடும். பாதத்தில் துவாலையைப் போட்டுத் தன் பக்கம் இழுக்கும் பயிற்சியைத் தினமும் விடாமல் செய்ய வேண்டும். கம்பி நுழையும் இடங்களைச் சுத்தமாக வைத்திருங்கள்.

காலை எடுப்பதா காப்பதா என்பதை நாம் ஊகிக்க வேண்டாம். கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறை இருக்கிறது. தோல், எலும்பு, தசை என ஒவ்வொன்றுக்கும் 5 வரை; மற்ற உடல் கோளாறுகளுக்குத் தனி மதிப்பெண். 14 வரை காலைக் காக்கலாம், 17 முதல் எடுப்பதே நல்லது என்பது அதன் கணக்கு. தம்பிக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

கரூர் அக்கா:
கேட்டுவிட்டேன். 11 என்றார்கள். பெரியப்பாவிடம் மருத்துவரே பேசினார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. வியாழக்கிழமை சதை அறுவை. லேத் தம்பி எழுதியதை என் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். தலையணைக்கு அடியிலிருந்த சிகரெட் பாக்கெட்டை அவனே எடுத்து என் கையில் கொடுத்தான்.